மெஷின் வந்தால் 19 வருடச் சேவை இல்லாமல் போய்விடுமா?

அம்பாறை மாவட்டக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து, 47 வயதான ஓடாவி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, விசயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

2006இல் ஒரு தளபாடப் பட்டறையில் சேர்ந்தவர். கட்டில், கதவு, நிலை, சாமியறைக் கதவில் சித்திரச் செதுக்கல் எல்லாம் செய்வார். நாட்சம்பளம் 2,600 ரூபா, சனிக்கிழமை தோறும் கையில் காசு, மாதத்தில் 25 நாள் வேலை. நியமனக் கடிதம் இல்லை. சேமலாப நிதி 2016இலிருந்துதான் கட்டப்படுகிறது. மூன்று மாதத்துக்கு முன் முதலாளி, கணினி வரைபடத்தைப் பார்த்து மரத்தைத் தானாக வெட்டிச் செதுக்கும் சீ.என்.சீ. ரூட்டர் ஒன்றும், பலகை விளிம்பு ஒட்டும் மெஷின் ஒன்றும் இறக்கியிருக்கிறார். அதை ஓட்டுவதற்கு வெளியூர் இளைஞர் ஒருவர் வந்திருக்கிறார். வயதில் மூத்த இரண்டு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு, "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது இவருடைய முறை. இரண்டு லட்சம் தருவதாகவும், அதே மாதிரிக் கடிதத்தில் இந்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றும், அதற்குப் பிறகு துண்டுக் கணக்கில் கொந்தராத்துக்கு வரலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இத்தனை வருடமாக வரைந்து வெட்டி வைத்த செதுக்கல் மாதிரிகளையும் மெஷினில் ஏற்றுவதற்காகத் தரச் சொல்லியிருக்கிறார்கள். "பட்டறையில் பதினொரு பேர்தான், சட்டம் ஒன்றும் என்னைப் பிடிக்காது" என்பது முதலாளியின் பேச்சு. முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் சொந்தக்காரர். மச்சான் முறை.

அவர் கேட்பது இவை: மெஷினைச் சட்டப்படி நிறுத்த முடியுமா? கடிதமே இல்லாத எனக்கு உரிமை ஏதும் உண்டா? இரண்டு லட்சத்தை வாங்கி, மனைவியின் நகையையும் அடகு வைத்து, சின்னதாக ஒரு மெஷின் போட்டால் பிழைக்கலாமா? சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கும் மகனை இந்தத் தொழிலில் விடலாமா?

அன்புள்ள சகோதரருக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இதை வாசித்து முடிக்கும்வரை யாரிடமும் "சரி" என்று வாயாலும் சொல்ல வேண்டாம்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில், முடியாது. தன் பட்டறைக்கு எந்த மெஷினை வாங்குவது என்பது முதலாளியின் உரிமை. எந்தத் தொழில் அலுவலகமும் எந்த நீதிமன்றமும் அதைத் தடுக்காது. உங்கள் மச்சானின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் இப்போது கேட்பது சமையலறை அலுமாரி, உடுப்பு அலுமாரி, அதுவும் மெலமைன் ஒட்டிய பலகையில், குடிபுகும் நாளுக்கு முன்னால். மொரட்டுவையிலிருந்து லொறியில் வந்து இறங்கும் தளபாடத்தோடு விலையில் போட்டி போட வேண்டும். முதிரையும் தேக்கும் விற்கிற விலையில் முழு மரத்தில் அலுமாரி செய்யச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மெஷின் போடாவிட்டால் பட்டறையே இல்லாமல் போகலாம். அவர் மெஷின் வாங்கியதில் குற்றமில்லை. அந்த மெஷினின் செலவை உங்கள் 19 வருடத்திலிருந்து பிடித்துக்கொள்ளப் பார்ப்பதுதான் பிழை. சட்டம் தலையிடுவதும் அந்த இடத்தில்தான்.

நியமனக் கடிதம் இல்லை என்ற பயம்

"என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை விடுங்கள். இலங்கைத் தொழிற்சட்டத்தில் வேலை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். நாட்சம்பளமா, கிழமைச் சம்பளமா, துண்டுக் கணக்கா என்பதால் "தொழிலாளி" என்ற நிலை மாறாது. யாருடைய இடத்தில், யாருடைய மரத்தில், யார் சொன்ன நேரத்துக்கு, யார் சொன்ன வேலையைச் செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

கடிதம் இல்லாதவர்களுக்குச் சான்று வேறு இடங்களில் கிடக்கும். 2016இலிருந்து கட்டிய சேமலாப நிதிக் கணக்கே முதல் சான்று. அதற்கு முந்திய காலத்துக்கு, பட்டறையில் எடுத்த படங்கள், வாடிக்கையாளர் வீட்டில் கதவு பொருத்திய அன்று எடுத்த படங்கள், உங்களோடு வேலை செய்து விலகியவர்களின் சத்தியக் கடதாசி, முதலாளி போட்ட குரல் செய்திகள், வங்கிக் கடனுக்காகவோ பிள்ளையின் பாடசாலை அனுமதிக்காகவோ பட்டறையில் வாங்கிய ஏதாவது கடிதம் எல்லாம் உதவும். வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை, சாட்சியச் சட்டத்தின் இறுக்கமான விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. நியாயமாகத் தோன்றும் எந்தச் சான்றையும் அது பார்க்கலாம். ஆகவே போனில் கிடப்பதை அழிக்காதீர்கள். போன் பழுதாகிற காலமும் இதுதான், இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

பதினொரு பேரா, பதினைந்து பேரா?

உங்கள் வழக்கின் அச்சாணி இந்த எண்ணிக்கைதான். மச்சான் "பதினொரு பேர்" என்று அழுத்திச் சொல்வது சும்மா வாயில் வந்த எண் என்று நான் நினைக்கவில்லை. யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தொழிலாளரின் வேலையை முடிவுறுத்தல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், 180 நாளுக்குக் குறையாமல் சேவை செய்த ஒருவரை, அவர் செய்த குற்றம் எதுவும் காரணமாக இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, தொழிலாளி தானாக முன்கூட்டியே எழுத்தில் தரும் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல முன் அனுமதி. மெஷின் வந்ததால் ஆள் குறைப்பது இந்தச் சட்டத்துக்குள் நேராக வருகிறது. இரண்டு வழியும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தமே செல்லாது. பழைய இடத்தில் மீண்டும் வேலைக்கு எடுக்கும்படியும் நிலுவைச் சம்பளம் கொடுக்கும்படியும் ஆணையாளர் கட்டளையிடலாம்.

இந்தச் சட்டத்துக்கு, வேலை நிறுத்தப்பட்ட நாளுக்கு முந்திய ஆறு மாதத்தின் சராசரியைப் பார்ப்பார்கள். ஆகவே இப்போது இருக்கும் பதினொரு பேரோடு, அண்மையில் விலகிப்போன அந்த இருவரும் கணக்குக்கு வருவார்கள். பொலிஷ் அடிக்கிறவர்கள், லொறிச் சாரதி, காட்சியறையில் நிற்கும் பிள்ளைகள், கணக்கு எழுதுகிறவர், பழகுநர்களாக வந்த பொடியன்கள், நாட்கூலிக்கு மரம் ஏற்றி இறக்குகிறவர்கள், இவர்களையும் எண்ணினீர்களா? காட்சியறை அவருடைய மனைவி பெயரில் பதிவாகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் வேறு என்பதால் மட்டும் தொழில் வேறாகிவிடாது. சம்பளம் ஒரே கையிலிருந்து வருகிறதா, ஆட்கள் இங்கும் அங்கும் மாறி வேலை செய்கிறார்களா, பொருளும் காசும் ஒரே கணக்கில் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். இன்றைக்கே ஒரு கொப்பியில், மாதவாரியாக, யார் யார் வேலை செய்தார்கள் என்று நினைவிலுள்ளதை எழுதுங்கள். பெயர், என்ன வேலை, எப்போது வந்தார், எப்போது போனார் என்று எழுதினால் போதும்.

எண்ணிப் பார்த்தும் பதினைந்தைத் தொடாவிட்டால்? அப்போதும் கை வெறுமையாகாது. அநியாயமாக நிறுத்தினால், 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அதற்கு ஆள் எண்ணிக்கை எல்லை கிடையாது. "நீதியும் நியாயமும்" என்று படுவதை அந்தச் சபை கட்டளையிடும், இழப்பீடாகவும் இருக்கலாம், மீள வேலையாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே காலக்கெடு உண்டு, அது மாதக் கணக்குத்தான். "திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டு உரிமையை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை நின்றால் அந்தக் கிழமைக்குள்ளேயே ஆலோசனைக்குப் போய்விடுங்கள்.

அந்தக் கையெழுத்தின் விலை

ஏன் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றேன் என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். சட்டம் கேட்கும் இரண்டு வழிகளில், ஆணையாளரின் அனுமதி கடினமான வழி. அவர் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார், இழப்பீடும் நிர்ணயிப்பார். உங்கள் சம்மதம் சுலபமான வழி, இரண்டு லட்சத்தோடு முடிந்துவிடும். "சுயவிருப்பில் விலகுகிறேன்" என்று எழுதிய பிறகு நீங்கள் நிறுத்தப்பட்டவர் அல்ல, தானாக விலகியவர். பிறகு "ஏமாற்றி வாங்கினார்கள்" என்று நிரூபிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும்.

ஆணையாளர் இழப்பீடு நிர்ணயிக்கும்போது பயன்படுத்தும் சூத்திரம் வர்த்தமானியில் வந்திருக்கிறது. முதல் 5 வருடச் சேவைக்கு வருடத்துக்கு 2.5 மாதச் சம்பளம். 6ஆம் வருடத்திலிருந்து 14ஆம் வருடம்வரை வருடத்துக்கு 2 மாதம். 15இலிருந்து 19வரை 1.5 மாதம். அதற்கு மேலே போகப் போகக் குறையும். உங்கள் 19 வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 12.5, 18, 7.5 என்று மொத்தம் 38 மாதச் சம்பளம் வருகிறது. மாதம் 65,000 என்று வைத்தால் ஏறத்தாழ 24 லட்சத்து 70 ஆயிரம் ரூபா. இந்த இழப்பீட்டுக்கு 25 லட்சம் ரூபா என்ற உச்ச எல்லை உண்டு, நீங்கள் அதற்குள்ளே நிற்கிறீர்கள். இந்தத் தொகை நாளைக்கே உங்கள் கையில் விழும் என்று நான் சொல்லவில்லை. 15 பேர் என்பது நிரூபணமாக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், முதலாளியின் நிதிநிலையும் பேசப்படும். ஆனால் உங்கள் முன்னால் வைக்கப்பட்டிருக்கும் இரண்டு லட்சம் எதற்குப் பதிலாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இழப்பீடு வேறு, பணிக்கொடை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவார்கள், கவனம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த தொழிலாளிக்கு, மாதச் சம்பளக்காரராக இருந்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளமும், மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளமும் உண்டு. உங்களுக்கு 2,600ஐ 14ஆலும் 19ஆலும் பெருக்கினால் 6,91,600 ரூபா. தானாக விலகினாலும் இது கிடைக்க வேண்டிய காசு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணமும் சேரும். அதாவது சுயவிருப்பில் நீங்கள் போனாலே சட்டம் தரும் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட உங்களுக்குக் காட்டப்படவில்லை. இங்கேயும் 15 பேர் எல்லை உண்டு. ஆனால் இந்தச் சட்டத்தில் சராசரி பார்ப்பதில்லை, முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் 15 பேர் இருந்திருந்தாலே போதும். தை, சித்திரை வேலை நெருக்கத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் குறைந்தால், 15 பேருக்குக் குறைந்த இடங்களின் தொழிலாளர் பணிக்கொடை கேட்டுத் தொழில் நியாய சபைக்குப் போக வழி இருக்கிறது.

ஏற்கெனவே ஒரு லட்சம் வாங்கிப்போன அந்த இரண்டு மூத்தவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். அவர்களுடைய பணிக்கொடை அந்தக் கையெழுத்தால் அழிந்துவிடவில்லை.

சேமலாப நிதியில் காணாமல் போன பத்து வருடம்

இதில் உங்கள் மச்சானுக்கு வாதாட இடமே இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், முதல் நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும். 2006இலிருந்து 2016வரை கட்டவில்லை என்றால் அது நிலுவை. பிடிக்காமல் விட்ட உங்கள் 8 சதவீதத்தையும் முதலாளியே கட்ட வேண்டும், இப்போது உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. தாமதத்துக்குத் தண்டப்பணமும் சேரும்.

இன்னொன்றையும் பாருங்கள். 2016க்குப் பிறகு கட்டியதும் உண்மைச் சம்பளத்துக்கா, அல்லது பேருக்கு ஒரு சின்னத் தொகைக்கா? நம் பக்கத்துப் பட்டறைகளில் இது சாதாரணமாக நடக்கிறது. அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். இந்த முறைப்பாட்டுக்கு வழக்கறிஞர் தேவையில்லை, செலவும் இல்லை. தொழில் உத்தியோகத்தரே பட்டறைக்குப் போய்ப் பதிவேடுகளைப் பார்ப்பார்.

செதுக்கல் மாதிரிகள் யாருக்குச் சொந்தம்?

கடிதத்தில் நீங்கள் அதிகம் மனம் நொந்திருப்பது இங்கேதான். நொந்தது நியாயம். ஆனால் சட்டம் உங்களுக்கு முழுதாகச் சாதகமில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையில் இருக்கும்போது வேலைக்காக ஒருவர் ஆக்கியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே போகும். ஆகவே பட்டறை நேரத்தில், பட்டறை வேலைக்காக வரைந்த அன்னமும் கும்பமும் கொடிப்பின்னலும் அவர் கேட்டால் கொடுக்க வேண்டியவை. மறைத்து வைத்தாலோ கிழித்துப் போட்டாலோ, அதையே ஒழுக்கக் குற்றமாக்கி உங்களை வெளியேற்றவும் முடியும். அப்படி ஒரு காரணத்தை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் தகப்பனார் விட்டுப்போன மாதிரிகள், 2006க்கு முன்னால் நீங்களே வரைந்தவை, வீட்டில் கோயில் வாகன வேலைக்காகத் தனியே வரைந்தவை, இவற்றின் மேல் பட்டறைக்கு உரிமையில்லை. அவற்றைப் பிரித்து வீட்டில் வையுங்கள், ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். பட்டறைக்குரியதைக் கொடுக்கும்போது எத்தனை, என்னென்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

விலகிவிட்டுக் கொந்தராத்துக்குப் போகலாமா?

போகாதீர்கள். அதே பட்டறையில், அதே உளியும் சீவுளியும் பிடித்து, அதே ஆளின் சொல்லுக்கு வேலை செய்வீர்கள். சேமலாப நிதி நின்றுவிடும், 19 வருடச் சேவை முறிந்துவிடும், வேலை குறைந்த மாதத்தில் கூப்பிட மாட்டார்கள். பிற்காலத்தில் பிணக்கு வந்தால், பெயரளவில் மட்டும் கொந்தராத்து, உண்மையில் தொழிலாளிதான் என்று வாதிடலாம். ஆனால் கையில் இருக்கும் உரிமையை விட்டுவிட்டுப் பிறகு அதையே வாதாடி எடுப்பானேன்?

மெஷினுக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது

"இனி என் கைக்கு வேலை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முடிவுக்கு நீங்கள் அவசரப்பட்டு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ரூட்டர் வரைபடத்தில் உள்ளதை வெட்டும். தட்டைப் பலகையில் ஒரே மாதிரி நூறு துண்டு வேண்டுமென்றால் அதை மனிதக் கை முந்த முடியாது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முதிரையில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த வேகத்தில் ஓட்டினால் வெட்டும் அலகு முறியும், எந்தப் பலகை இன்னும் காயவில்லை, கார்த்திகை மார்கழி மழையில் எந்தக் கதவு ஊதி நிலையில் இறுகும் என்பதெல்லாம் அந்த மெஷினுக்குத் தெரியாது. வந்திருக்கும் இளைஞருக்குக் கணினி தெரியும், மரம் எவ்வளவு தெரியும் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். மெஷின் செதுக்கிய உருவில் மூலை முடுக்குகள் வட்டமாகவே நிற்கும், கண்ணையும் விரலையும் கூராக்க உளி வேண்டும். இணைப்பு, மெருகு, வாடிக்கையாளர் வீட்டில் கோணல் சுவரோடு அலுமாரியைப் பொருத்துவது எல்லாம் கைவேலைதான். வெள்ளம் ஏறும் நம் ஊர்களில் மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகை தண்ணீர் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். கீழ்ப்பாகத்தை முழு மரத்தில் செய்யுங்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் பட்டறையில் இருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது மெஷினில் பயிற்சி. எழுத்தில் கேளுங்கள். முதலாளி மறுத்தால், "பழகத் தயாராக இருந்தேன், விடவில்லை" என்பது விசாரணையில் உங்களுக்குப் பலம். ஒப்புக்கொண்டால் வேலையே மிஞ்சும். இன்னொரு பக்கம், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை எடுத்து வையுங்கள். வகுப்புக்குப் போகாமல், ஏற்கெனவே கைவந்த தொழிலைச் சோதித்துத் தரும் முறை ஒன்று இருக்கிறது, முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். மதிப்பீட்டாளர் உங்கள் வேலையைப் பார்த்து, கேள்வி கேட்டு, மட்டத்தைத் தீர்மானிப்பார். எழுதப் படிக்கக் கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள், சோதிக்கப்படுவது பெரும்பாலும் கைத்திறன்தான். வேறு பட்டறைக்கோ வெளிநாட்டுக்கோ போக நேர்ந்தாலும் அந்தக் கடதாசி பேசும்.

இருமலைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். நான் கடந்து போக மாட்டேன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது, எம்.டி.எப். பசையிலுள்ள போமல்டிஹைட்டும் அதே வகைதான். அந்தத் தூள் சீவுளிச் சுருள் போலக் கீழே விழாது, மாவாகக் காற்றில் நிற்கும். சட்டை முனையை மூக்கில் கட்டினால் நிற்காது. மெஷினோடு தூள் உறிஞ்சியும் பூட்ட வேண்டும், அது முதலாளியின் பொறுப்பு. நீங்கள் இந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் காட்டுங்கள். டொக்டரிடம் என்ன வேலை, எத்தனை வருடம் என்று சொல்லுங்கள், கிளினிக் கொப்பியில் அது பதியட்டும். வேலையில் விரல் போனாலோ, வேலையால் நோய் வந்தாலோ நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது.

நகை, மெஷின், மகன்

நகையை அடகு வைத்து மெஷின் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. மெஷினின் விலையோடு செலவு நிற்காது. மூன்று கட்ட மின்சாரம், கணினி, வரைய ஆள், அலகுகள், பழுது பார்க்கக் கொழும்பிலிருந்து வருகிறவருக்குக் கொடுக்கும் காசு எல்லாம் பின்னால் வரும். மரம் சார்ந்த தொழிலுக்குப் பிரதேச சபை, வன இலாகா அனுமதிகளும் பார்க்க வேண்டும். தனியே தொழில் செய்ய ஆசையிருந்தால், பலகையை மெஷின் உள்ள இடத்தில் கூலிக்கு வெட்டுவித்து, இணைப்பையும் மெருகையும் பொருத்துவதையும் நீங்கள் எடுங்கள். உங்கள் பணிக்கொடை கைக்கு வந்த பிறகு, அந்தக் காசில். மனைவியின் நகை இதற்குள் வர வேண்டாம்.

மகனைத் தொழிலில் விடலாம். ஆனால் உங்களைப் போலப் பட்டறையில் எடுபிடியாக நின்று பழக விடாதீர்கள். தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ மரவேலையும் கணினி வரைதலும் சேர்த்துப் படிக்கட்டும், மாலையில் உளி பிடிக்க நீங்கள் பழக்குங்கள். இரண்டும் தெரிந்த பிள்ளையைத் தேடித்தான் உங்கள் மச்சான் வெளியூருக்குப் போயிருக்கிறார்.

சொந்தத்துக்குள் எப்படி முறைப்பாடு?

தொழில் அலுவலகத்துக்குப் போவது என்பது கூண்டில் ஏறுவது அல்ல. முதலில் இரு தரப்பையும் மேசைக்குக் கூப்பிட்டுப் பேசுவார்கள், பல பிணக்குகள் அங்கேயே தீர்கின்றன. அதற்கும் முன்னால், மாமனாரோ குடியில் மூத்தவரோ ஒருவரை வைத்து வீட்டில் பேசுவது நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் முடிவாகும் எதற்கும் அங்கேயே கையெழுத்து வைக்க வேண்டாம், வெளியே கொண்டு வந்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காசு வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் காட்டலாம்.

வெள்ளிக்கிழமை கேட்டால், அவர் தரும் கடதாசிக்குப் பதிலாக இதை எழுதிக் கொடுங்கள்:

"நான் 2006ஆம் ஆண்டிலிருந்து உங்களிடம் தொடர்ச்சியாக வேலை செய்து வருகிறேன். வேலையிலிருந்து விலக எனக்கு விருப்பமில்லை. புதிய இயந்திரத்தில் பயிற்சி பெற்று வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். எனது சேவைக்காலம், சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி விபரங்களை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

திகதியும் கையெழுத்தும் போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, கையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சனிக்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போங்கள். கோபத்தில் வீட்டில் நின்றால் "தானாக வேலையை விட்டுப் போனார்" என்று எழுதிவிடுவார்கள். வாசலில் மறித்தால் வாய்த்தர்க்கம் வேண்டாம். யார் மறித்தது, எத்தனை மணி, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று குறித்துக்கொண்டு, தபால் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு, அலுவலகம் திறக்கிற முதல் நாளே தொழில் அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதியுங்கள்.